அடிவரியில் நாலு எழுத்து

முதல் நாள், திங்கள். ட்ரியர்

பிராங்பர்ட் ஜவுளிக் கண்காட்சி வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. ஜனவரி வந்தால் கரூர் ஏற்றுமதிக்காரர்களில் பாதிப் பேர் கிச்சன் டவலையும் மேசைவிரிப்பையும் தூக்கிக்கொண்டு அங்கேதான் நிற்போம். இந்த முறை திரும்பும் டிக்கெட்டை ரோமிலிருந்து போட்டுவிட்டேன். நடுவில் ஏழு நாள். எல்லாம் ஒரு செப்புக்காசுக்காக.

காசு என் மாமாவுடையது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அமராவதி மணலைச் சலித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். அகலம் 15 மில்லிமீட்டர், எடை ஒன்றரை கிராம். முன்பக்கத் தலை மழுங்கிப்போய் யாரென்றே தெரியவில்லை. பின்பக்கம் இரண்டு சிப்பாய்கள், அவர்களுக்கு நடுவில் ஒற்றைக் கொடிக்கம்பு. சுற்றிலும் 'படையின் பெருமை' என்று லத்தீனில். ஏறக்குறைய 335 முதல் 341 வரை ரோமப் பேரரசு முழுக்க அடித்துத் தள்ளிய ரகம் இது. சிப்பாய்களின் காலடியில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே சி, ஓ, என், எஸ் என்று நாலு எழுத்து. இரண்டு பக்கமும் விளிம்பு தேய்ந்து, அதற்கு முன்னும் பின்னும் இருந்தது போய்விட்டது.

அந்த அடிவரியில்தான் காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்ற குறி இருக்கும். மாமா கேட்டது ஒன்றே ஒன்று: "மாப்ள, இது எந்த ஊர்ல அடிச்சதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

காசை எடுத்து வரவில்லை. நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் அழுத்தி எடுத்த ஒரு அச்சும், போனில் நாலு மங்கலான படங்களும்தான் கையில்.

மோசெல் ஆற்றை ஒட்டி ரயில் வளைந்து வளைந்து ட்ரியருக்கு வந்து சேர்ந்தது. இறங்கியதும் தெரிந்த செய்தி: திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. கண்காட்சிக்கு நாலு மாசம் முன்னால் எல்லாவற்றையும் திட்டம் போடுகிறவன், இதைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

சரி என்று நடந்தேன். போர்ட்டா நிக்ரா, பெயருக்கு ஏற்ற கறுத்த வாசல். அதைத் தாண்டி ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்து அரசவை மண்டபம். 67 மீட்டர் நீளம், 33 மீட்டர் உயரம், உள்ளே ஒரு தூண் கிடையாது. இப்போது தேவாலயம். உள்ளே நின்றால் ஆள் சுருங்கிப்போகிறான். கட்டியவர்கள் விரும்பியதும் அதுதான் போலிருக்கிறது. ட்ரியர் அப்போது பேரரசின் மேற்குப் பகுதிக்குத் தலைநகர். சம்பளம் வாங்கப் படை இருந்தது, அதனால் காசடிக்க அக்கசாலையும் இருந்தது. (சென்னையில் தங்கசாலைத் தெரு என்கிறோமே, அதற்கு நம் பழைய சொல் அக்கசாலை.)

கடைத்தெருவில் பழம்பொருள் விற்கும் சின்னக் கடை ஒன்று. கடைக்காரப் பெரியவர் என் களிமண் அச்சைப் பார்த்துச் சிரித்தார். அச்சில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும் என்பதால் மேசை டிராயரிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்து அதன் முன்னால் வைத்துப் பார்த்தார். பிறகு தன் தட்டிலிருந்து இரண்டு காசுகளை எடுத்து வைத்தார். ஒன்றின் அடிவரியில் பி-டி-ஆர், இன்னொன்றில் எஸ்-டி-ஆர். டி-ஆர் என்பது ட்ரியர். ரோமர்கள் வாயில் ட்ரெவெரி. முன்னால் உள்ள பி என்றால் ப்ரீமா, முதல் பட்டறை. எஸ் என்றால் செகுண்டா, இரண்டாவது.

எனக்கு அந்த இடத்தில் பொறி தட்டியது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு தைத்திருக்கும். எந்த லைன், எந்த லாட் என்று அதில் இருக்கும். ஹாம்பர்க்கில் ஒரு பையர் 'ஓரம் பிரிகிறது' என்று சொன்னால், அந்தச் சீட்டைப் பார்த்து மூன்றாம் லைனில் போய் நிற்போம். காசில் இருப்பதும் அதே சீட்டுதான். எடை குறைந்தால், வெள்ளிப்பூச்சு மோசமானால் எந்த ஊரில், எந்தப் பட்டறையில் போய்க் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். வாங்கிச் சேர்க்கிறவர்களுக்காக யாரும் அதைப் பொறிக்கவில்லை.

சி-ஓ-என்-எஸ் பற்றிப் பெரியவர் சொன்னது: "இரண்டு ஊர் உண்டு. காணாமல் போன எழுத்து முன்னால் இருந்ததா, பின்னால் இருந்ததா, அதைக் கண்டுபிடி." எந்த இரண்டு ஊர் என்று நான் கேட்பதற்குள் வேறு வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

இரண்டாம் நாள், செவ்வாய். ட்ரியர், பிறகு ரயில்

காலையில் மறுபடி அருங்காட்சியகம் வரை போய்ப் பார்க்கலாம் என்றால் லக்சம்பர்க் ரயிலைத் தவறவிட வேண்டியிருக்கும். விட்டுவிட்டேன். ஆனால் அங்கே இருக்கும் தங்கப் புதையலைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. 1993-இல் கட்டட வேலைக்குத் தோண்டும்போது கிடைத்தது. 2,500-க்கும் மேற்பட்ட தங்கக் காசுகள், மொத்தம் பதினெட்டரை கிலோ. 2019-இல் திருடர்கள் உள்ளே புகுந்து சம்மட்டியால் அடித்தும் கண்ணாடிப் பெட்டி உடையவில்லை.

என் விஷயத்துக்கு முக்கியம், அத்தனை தங்கத்தில் ஒன்றில்கூட ஊர்க்குறி கிடையாது. எல்லாம் முதல் இரண்டு நூற்றாண்டுக் காசுகள். அந்தக் காலத்தில் தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் ரோமிலேயே அடிக்கப்பட்டன. ஒரே கம்பெனி, ஒரே இடம், சீட்டு எதற்கு? மூன்றாம் நூற்றாண்டில் படையெடுப்பு, பணவீக்கம், மாசத்துக்கொரு அரசன் என்று ஆகி, எல்லையோரம் எங்கும் அக்கசாலை முளைத்த பிறகுதான் குறி தேவைப்பட்டது. 294 வாக்கில் டயோக்ளீஷியன் நாணயத்தைச் சீர்திருத்தியபோது அது எல்லா ஊருக்கும் வழக்கமாகிவிட்டது. ஆகவே அகஸ்டஸ், டைபீரியஸ் காசில் அடிவரியைத் தேடி யாரும் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கம் கிடைக்கும் வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் அந்த இருவருடையவை.

ட்ரியரின் பிற்காலத் தங்கத்தில் இன்னொரு குறி வரும்: டி-ஆருக்குப் பின்னால் ஓ-பி. 367-ஐ ஒட்டி வாலன்டினியன் காலத்தில் தொடங்கியது. ஓப்ரைசம், அதாவது புடம் போட்ட தங்கம் என்பதன் சுருக்கம். நகைக்கடையில் 916 முத்திரை பார்க்கிறோமே, அந்த மாதிரி. வேடிக்கை என்னவென்றால், அதே இரண்டு எழுத்தைக் கிரேக்க எண்ணாகப் படித்தால் 72 வரும். ஒரு ரோம ராத்தல் தங்கத்தில் அடித்த காசும் 72.

மூன்றாம் நாள், புதன். லியோன்

ஃபூர்வியேர் மேட்டுக்குக் கயிற்று ரயில். மேலே இரண்டு ரோம அரங்குகள், பக்கத்தில் குன்றைக் குடைந்து கட்டிய அருங்காட்சியகம். இன்று திறந்திருந்தது!

உள்ளே நான் அதிக நேரம் நின்றது காசு முன்னால் அல்ல, கிளாடியஸ் மன்னன் 48-இல் பேசிய பேச்சைச் செதுக்கிய வெண்கலப் பலகை முன்னால். 1528-இல் கிடைத்தது. இந்த ஊரில் பிறந்தவன், தன் பக்கத்து ஆட்களை ரோம் மூப்பர் அவையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வாதாடுகிறான். எழுத்து வெட்டு அவ்வளவு சுத்தம். நேற்று வெட்டியது போல.

லியோன் அக்கசாலைக்கு இரண்டு வாழ்க்கை. முதலாவது அகஸ்டஸ் காலம். குறி கிடையாது, ஊரின் பெரிய பலிபீடத்தைப் பின்பக்கம் போட்டுவிட்டார்கள், அதுவே முகவரி. அந்த அக்கசாலையைக் காக்கவே ஒரு படைப்பிரிவு இருந்தது என்பது ஒரு படைவீரனின் கல்லறைக் கல்வெட்டிலிருந்து தெரிய வந்தது. இரண்டாவது வாழ்க்கை 274 வாக்கில் ஆரீலியன் காலத்தில் தொடங்கியது. அப்புறம் மற்ற ஊர் போலவே எழுத்து: எல்-ஜி, லுக்டுனும். மாமாவின் காசுக்கு இங்கே வேலை இல்லை.

நான்காம் நாள், வியாழன். ஆர்ல்

ரோன் ஆற்றங்கரையில் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு காற்று. காதை மூடிக்கொண்டு கான்ஸ்டன்டைன் குளியல் மண்டபம், பிறகு ஊருக்கு வெளியே நீலச் சுவர் அருங்காட்சியகம். ஆற்றடியிலிருந்து எடுத்த 31 மீட்டர் சரக்குப் படகை முழுசாக வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வருகிறவர்கள் வான்கோவைத் தேடுகிறார்கள். நான் தேடி வந்தது வேறு.

ட்ரியர் பெரியவர் சொன்ன இரண்டு ஊரில் ஒன்று இதுதான். ரோமின் துறைமுகமான ஓஸ்டியாவில் இருந்த அக்கசாலையை 313-இல் கான்ஸ்டன்டைன் இங்கே தூக்கி வந்தான். முதலில் குறி ஏ-ஆர்-எல் என்று ஒழுங்காகத்தான் இருந்தது. 328-இல் ஊரின் பெயரையே மாற்றிவிட்டான்: கான்ஸ்டன்டினா. உடனே காசிலும் மாற்றம்: சி-ஓ-என்-எஸ்-டி. அதே சமயம் கிழக்கே அவன் கட்டிய புதுத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளின் குறி சி-ஓ-என்-எஸ். ஒரே ஆளின் பெயரை இரண்டு ஊருக்கு வைத்தால் கணக்கப்பிள்ளை என்ன பாடுபட்டிருப்பான்! மகன் இரண்டாம் கான்ஸ்டன்டைன் 340-இல் செத்ததும் ஏ-ஆர்-எல் திரும்பி வந்தது. 353-இல் மறுபடி கான்ஸ்டன்டினா. நம் ஊரில் போக்குவரத்துக் கழகங்களுக்குப் பெயர் மாற்றி மாற்றி வைத்த கதை எனக்கு நினைவு வந்தது.

இரண்டையும் பிரிக்கும் வழி இதுதான். ஆர்லில் பட்டறை எழுத்து முன்னால் வரும், லத்தீனில்: பி அல்லது எஸ். கான்ஸ்டாண்டிநோபிளில் பின்னால் வரும், கிரேக்க எண்ணெழுத்தில்: ஆல்ஃபா, பீட்டா, காமா என்று தொடங்கிப் பதினொன்று வரை. மாமா காசில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காசுத் தகட்டைவிடக் காசடித்த அச்சு பெரிதாக இருந்ததால் விளிம்பு எழுத்துக்கள் பாதி வெளியே விழுந்திருக்கின்றன, மீதியை அமராவதி தேய்த்துவிட்டது.

ராத்திரி ஓட்டல் அறையில் களிமண் அச்சை மேசைவிளக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது ஒரு யோசனை. சிப்பாய்களுக்கு நடுவில் உள்ள கொடிக்கம்பு காசின் சரிபாதியில் நிற்கிறது. அடிவரி எழுத்துக்களையும் அச்சு வெட்டுகிறவன் நடுவில் அமையும்படிதானே வெட்டியிருப்பான்? ஆர்ல் குறியில் பட்டறை எழுத்தோடு ஆறு எழுத்து: பி-சி-ஓ, என்-எஸ்-டி. கம்பு ஓ-வுக்கும் என்-னுக்கும் இடையில் இறங்க வேண்டும். கான்ஸ்டாண்டிநோபிளில் ஐந்து எழுத்து: சி-ஓ-என்-எஸ், கடைசியில் பட்டறை. கம்பு நேரே என்-னின் தலையில் இறங்க வேண்டும்.

அருங்காட்சியகங்கள் இணையத்தில் போட்டிருக்கும் படங்களை எடுத்து இரண்டு ஊருக்கும் ஒப்பிட்டேன். எல்லாம் ரூலர் வைத்தாற்போல் விழவில்லை. கை நடுங்கியவனும் இருந்திருக்கிறான், மதியச் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டவனும் இருந்திருக்கிறான். ஆனாலும் பெரும்பாலும் விழுகிறது.

மாமா காசில் கம்பு நேரே என்-னின் தலையில் இறங்குகிறது.

ஆர்லுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, இது ஆர்ல் இல்லை என்று கண்டுபிடித்தேன். யோசித்தால் அதுதான் நியாயம். செங்கடல் வழியாக நம் கரைக்கு வந்த பிற்காலச் செப்புக்காசுகள் கிழக்கு ஊர்களிலிருந்து வருவதுதான் எளிது. பிராங்பர்ட்டிலிருந்து மேற்கே ரயில் ஏறியது என் முட்டாள்தனம்.

ஐந்தாம் நாள், வெள்ளி. ரயிலில்

மார்சேய், நீஸ், வென்டிமிலியா, ஜெனோவா. நாலு வண்டி மாறினேன். ஜன்னலில் கடல், மடியில் ரொட்டி, போனில் சார்ஜ் இல்லை.

நேற்றைய பட்டறை எண்ணோடு சொல்ல மறந்த ஒன்று. கிரேக்க எண்ணெழுத்தில் ஒன்பது என்பது தீட்டா. கிரேக்கத்தில் 'சாவு' என்ற சொல்லின் முதல் எழுத்தும் அதுவே. அந்தியோக்கியா அக்கசாலையில் ஒன்பதாம் பட்டறைக்காரர்கள் தீட்டாவை எழுதாமல், நாலும் ஐந்துமாக டெல்டா, எப்சிலான் என்று இரண்டு எழுத்தைப் போட்டார்கள். காரணம் சாவு எழுத்தின் பயம் என்பார்கள். எட்டாம் நம்பர் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் கிடைக்காத ஊர்க்காரன் நான், அவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன்.

ஆறாம் நாள், சனி. பாவியா

இந்த ஊரை வழித்தங்கலுக்காகத்தான் பட்டியலில் சேர்த்தேன். வந்து பார்த்தால் இதுதான் மனசில் நிற்கப்போகிறது. டிச்சீனோ ஆறு, மேலே கூரை போட்ட பாலம், காலை மூடுபனியில் எதிர்க்கரை காணவில்லை. ரோமர் காலத்தில் ஊரின் பெயரே டிசினும். காசில் வெறும் டி.

ப்ரோபஸ் மன்னன் காலத்தில் (276 முதல் 282) இங்கே ஆறு பட்டறைகள். ஒரு தொகுதிக் காசுகளில் பட்டறை எண்ணைத் தவிர இன்னொரு எழுத்தும் இருக்கிறது. முதல் பட்டறைக் காசில் ஈ, இரண்டாவதில் க்யூ, அடுத்து வி, ஐ, டி, கடைசியில் மறுபடி ஐ. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆறையும் வரிசையாக வைத்தால் எக்விட்டி. அது ப்ரோபஸின் பட்டப்பெயர் என்பது பரவலான கருத்து. ரோமில் பட்டறை ஏழு. அங்கே முன்னால் ஒரு ஏ சேர்த்து அதே சொல்லை ஏழெழுத்தாக்கியிருக்கிறார்கள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக் காசு கொடுத்தவன் எவனும் ஆறையும் சேர்த்து அடுக்கிப் பார்த்திருக்க மாட்டான். அப்படியானால் யாருக்காக? பட்டறைக்குள் இருந்தவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் செக்கிங் மேசைப் பெண்களும் சீட்டின் மூலையில் பூ வரைந்து அனுப்புவதுண்டு. ஜெர்மனியில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

பாலத்தில் நின்றபோதுதான் இன்னொன்று உறைத்தது. டிசினும் அக்கசாலை 326-இல் மூடப்பட்டது. கான்ஸ்டாண்டிநோபிள் அக்கசாலை திறந்ததும் அதே 326. இங்கிருந்த வேலையாட்களைத்தான் புதுத் தலைநகருக்கு அனுப்பினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அச்சு வெட்டுகிறவன், உருக்குகிறவன், சம்மட்டி அடிக்கிறவன் எல்லாரும் பெண்டு பிள்ளையோடு இந்த மூடுபனியை விட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அங்கே என்-னைக் கம்புக்கு நேர்கீழே வெட்டியவன், இந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவனாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏழாம் நாள், ஞாயிறு. ரோம்

மிலான் போய் விரைவு ரயில் பிடித்து மதியத்துக்குள் வந்துவிட்டேன். விமானம் நாளை காலை.

கேபிடல் குன்றில் ஜூனோ மொனேட்டா கோயில் இருந்த பக்கம் ஒரு நடை. ரோமின் முதல் அக்கசாலை அந்தக் கோயிலை ஒட்டி இருந்ததால்தான் 'மொனேட்டா' நாணயத்துக்குப் பெயராகி, ஆங்கிலேயன் வாயில் மணி ஆனது. பிறகு சான் கிளெமெண்டே தேவாலயம். மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டு, அதற்குக் கீழே நாலாம் நூற்றாண்டு, அதற்கும் கீழே முதல் நூற்றாண்டு. அடித்தளத்தில் தடித்த கற்சுவர்களோடு சின்னச் சின்ன அறைகள். இதுதான் பேரரசின் பெரிய அக்கசாலையாக இருந்திருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். சுவருக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பட்டறை எண்ணுக்கு நல்ல ஆரம்பக் காட்சியும் ரோம்தான். 248-இல் ஊரின் ஆயிரமாவது ஆண்டு விழா. ஃபிலிப் மன்னன் காட்டிய மிருகங்களைக் காசில் போட்டு அடியில் ஒன்று முதல் ஆறு வரை எண். சிங்கம் என்றால் முதல் பட்டறை, ஓநாய் இரண்டாவது, நீர்யானை நாலாவது. எழுத்துத் தெரியாதவனும் மிருகத்தை வைத்தே ஆளைப் பிடிக்கலாம்.

பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. 271 வாக்கில் வெள்ளியில் கைவைத்த அக்கசாலை ஆட்கள், ஃபெலிசிசிமஸ் என்ற கணக்கதிகாரி பின்னால் கலகத்தில் இறங்கினார்கள். இங்கிருந்து பார்த்தால் தெரியும் சீலியன் குன்றில் சண்டை. ஆரீலியனின் சிப்பாய்கள் 7,000 பேர் செத்தார்கள் என்கின்றன பழைய குறிப்புகள். எண்ணிக்கை கூட்டிச் சொன்னதாகவே இருக்கட்டும். ரோம் அக்கசாலையைக் கொஞ்ச நாள் மூடியே வைத்தான். அப்புறம் 274-இல் புது நாணயம் வந்தது, சீட்டும் இறுகியது.

சாயங்காலம் மாமாவைக் கூப்பிட்டேன். கம்பு, என், ஐந்தெழுத்து எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இஸ்தான்புல்லா?"

"ஆமாங்க மாமா. ஒண்ணு மட்டும் பாருங்க. லைட்டை அணைச்சிட்டு, டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டுல படுக்க வெச்சு அடிங்க. எஸ்-க்கு அப்புறம் ஏதாச்சும் நிழல் விழுதான்னு பாருங்க."

அத்தை டார்ச் பிடிக்க, இவர் பூதக்கண்ணாடியோடு குனிந்திருக்கிறார். பத்து நிமிஷம் ஆயிற்று. எனக்கு நெஞ்சு படபடத்தது. நிற்கும் கோட்டின் மேல் குறுக்குக்கோடு இரண்டு பக்கமும் நீண்டால் அது டி. என் ஐந்தெழுத்துக் கணக்கு கவிழ்ந்து காசு ஆர்லுக்குப் போய்விடும். வலப்பக்கம் மட்டும் என்றால் காமா.

"மாப்ள, ஒரு கோடு நேரா நிக்குது. தலையில குறுக்கால ஒண்ணு."

"எந்தப் பக்கம் மாமா?"

"வலப்பக்கம். இடப்பக்கம் ஒண்ணுமில்ல. நம்ம 'ட' இருக்குதுல்ல, அதோட நிழல் தண்ணியில விழுந்தாப்ல இருக்குது."

காமாவை யாரும் எனக்கு இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

"இடப்பக்கம் தேஞ்சு போயிருக்குமோ?" என்றேன்.

"தேஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியல." காகித உறையைத் தேடும் சத்தம். "கான்ஸ்டாண்டிநோபிள், மூணாம் பட்டறைன்னு எழுதட்டுமா?"

"எழுதுங்க மாமா. பென்சில்ல எழுதுங்க."